கேட்காமல் வந்த முட்டை

கேட்காத முட்டை ஒன்று தட்டில் வந்து விழுந்ததும் பூட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் ஒண்ணுதானே கேட்டேன்?"

"தெரியும் சார், சாப்பிடுங்க" என்றார் பரிமாறிய பெண்மணி. சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் பூட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை.

இருபத்தாறு வருடமாகப் பூட்டு ரிப்பேர் செய்கிறவர். சாவி தொலைந்துவிட்டது என்று யார் வந்து நின்றாலும், வீடு அவர்களுடையதுதானா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்த பிறகுதான் பையைத் திறப்பார். இப்போது மனைவி அக்கா வீட்டுக்குப் போய் ஒன்பது நாளாகிறது. "எனக்குச் சமைக்கத் தெரியாதா? நீ நிம்மதியாப் போய்ட்டு வா" என்று வழியனுப்பியவர், ஒரு வாரம் தன் சமையலைத் தானே தின்று பார்த்தார். நேற்று மதியம் மானம் பார்க்காமல், பஸ் நிலையத்துக்கு எதிரே 'வீட்டுச் சாப்பாடு' என்று பலகை தொங்கிய இந்தக் கடைக்குள் நுழைந்துவிட்டார்.

நேற்று இவர்கள் யாரும் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கீரையில் மண் நறநறத்தது. பருப்பு லேசாகத் தீய்ந்திருந்தது. தன் கைப்பக்குவத்துக்கு இது எவ்வளவோ தேவலை என்று இன்றும் வந்திருந்தார்.

ஒரே நாளில் என்ன மாறிவிட்டது?

சுற்றிலும் நோட்டம் விட்டார். மடியில் பையும் காலடியில் பெட்டியுமாக ஐந்தாறு பயணிகள். எல்லார் தட்டிலும் ஒரே ஒரு முட்டைதான். சமையலறைக் கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது. அவர் முறைத்ததும் அது மறைந்தது. சற்று நேரத்தில் இரண்டு கண்களாகத் திரும்பி வந்தது.

சரிதான், சுகாதார அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள்!

"நான் ஆபீஸரெல்லாம் இல்லைங்க. பூட்டு ரிப்பேர் பண்றவன்" என்றார் சத்தமாக.

"அப்படியா சார்!" பெண்மணி கல்லாவை நோக்கித் திரும்பினார். "அண்ணே, சார் பூட்டு ரிப்பேர் பண்றாராம்!"

முதலாளி ஓடிவந்து மின்விசிறியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். அடுத்த மேசைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவரை எரிப்பதுபோல் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

"என்னங்க, சமைச்சீங்களா?"

"ம். வீட்லதான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?" என்று குனிந்தார் பெண்மணி. "கூச்சப்படாதீங்க, உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க."

மறுமுனையில் மனைவியின் குரல் மாறியது.

"யாருங்க அது?"

"டி.வி."

"டி.வி. உங்களுக்குச் சோறு வைக்குதா? இருங்க, அடுத்த பஸ்ஸுக்கே வர்றேன்."

போன் கட்டானது. இந்த உபசாரத்தை இதோடு நிறுத்தியாக வேண்டும். குறை சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டார்.

"என்னய்யா சாப்பாடு இது? உப்பே இல்ல!"

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. சமையல்காரர் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"எவ்வளவு சார் குறையுது? ஒரு சிட்டிகையா, ரெண்டா? கரெக்டா சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அவர் எழுதுவதையும் பூட்டுக்காரர் விழிப்பதையும் சேர்த்து முதலாளி போனில் படம் பிடித்தார்.

பூட்டுக்காரர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். போட்டோ எதற்கு? எங்கேயோ பூட்டை உடைத்துத் திருடியிருக்கிறான் எவனோ. இவரோ தொழிலையும் தானே வாய்விட்டுச் சொல்லித் தொலைத்திருக்கிறார். போலீஸ் வரும்வரை பிடித்து வைக்கத்தான் இத்தனை முட்டை, இத்தனை காற்று!

எச்சில் கையோடு எழுந்து வாசலுக்குப் பாய்ந்தார். முதலாளி அவரை முந்திக்கொண்டு, கதவை மறித்து நின்றார்.

"சார், போயிடாதீங்க சார்!"

"வழிய விடுய்யா! நான் எதையும் திருடல! எதுக்கு என்னப் பிடிச்சு வைக்கிறீங்க?"

கடையே உறைந்துபோய்ப் பார்த்தது. முதலாளி கதவை விட்டு நகரவில்லை. மூலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெரியவர்தான் குழாயை மூடிவிட்டுச் சொன்னார்:

"பயப்படாதீங்க தம்பி. கடை திறந்து எட்டு மாசமாச்சு. ரெண்டாவது தடவையா சாப்பிட வந்த முதல் ஆளு நீங்கதான்."