அப்பா செய்த ஜவ்வாது மலை

ப்ராஜெக்ட் அப்பா என்றொரு இனம் இருக்கிறது. இதைக் காட்டில் தேட வேண்டாம். பள்ளிக்கூடம் திறந்ததும் ஸ்டேஷனரிக் கடை வாசலில் தானாகத் தென்படும். ஒரு கையில் தெர்மாகோல் அட்டை, இன்னொரு கையில் பசை டப்பா, கக்கத்தில் சார்ட் பேப்பர் சுருள், முகத்தில் நாட்டைக் காக்கக் கிளம்பியவரின் தீவிரம். பக்கத்தில் ஒரு குழந்தை நிற்கும். அதற்கும் அந்த ப்ராஜெக்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அடியில் பெயர் எழுத ஒரு குழந்தை வேண்டாமா?

இந்த இனம் அடிவாரத்துப் போளூரோடு நின்றுவிடும், மலை ஏறாது என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். ஏறிவிட்டது. ஜவ்வாது மலையிலிருந்து சாமையும் புளியும் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு இறங்கும் ராஜாக்கண்ணுவின் மினி லாரி, திரும்பி வரும்போது தெர்மாகோலைச் சுமந்து வந்ததை ஊரே பார்த்தது.

எல்லாம் அவர் மகள் கலைவாணி பையைக் கழற்றியபடி சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது. அவள் ஐந்தாம் வகுப்பு.

"காட்டுக்கும் அதுல இருக்கற உசுருங்களுக்கும் நம்மால முடிஞ்ச ஒரு சின்ன வேலை செய்யணுமாம்பா. வெள்ளிக்கிழம வந்து சொல்லணும்னு அருணா டீச்சர் சொன்னாங்க."

"சொல்றதா? வெறும் வாயாலயா?"

"ஆமா. நான் கிணத்தாண்ட இருக்கற குருவிக்கூட்டு மேல யாரும் கல்லு வுடாம பாத்துக்கப் போறேன்."

வீட்டுக்குப் பின்னால் கிணறு. கிணற்றின் மேல் சாய்ந்து நிற்கும் ஈச்ச மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். குளிக்க வரும் பையன்களுக்கு அவற்றைப் பார்த்ததும் கை அரிக்கும். அவர்களை அதட்டியோ கெஞ்சியோ நிறுத்துவதுதான் அவள் தனக்கு எடுத்துக்கொண்ட வேலை. பறவை குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை கல் விழக்கூடாது, அவ்வளவுதான்.

ராஜாக்கண்ணு மகளைப் பரிதாபமாகப் பார்த்தார். "கல்லு வுழலன்றத எப்படிம்மா காட்டுவ? வுழாத கல்ல எடுத்தாந்து டேபிள் மேல வெப்பியா?"

அவர் கவலை அவருக்கு. போன வருஷம் பஞ்சர் கடை சக்கரவர்த்தி தன் மகன் கோகுல்ராஜுக்காக ஓர் எரிமலை செய்தார். அது நிஜமாகவே புகை கக்கியது. தலைமையாசிரியர் இருமிக்கொண்டே கைதட்டினார். அந்தக் கைதட்டல் ராஜாக்கண்ணுவின் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. இந்த வருஷமும் தோற்றால் கடைத்தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது?

ஆகவே வேலை ஆரம்பமானது. கூடத்தில் ஒரு ஜவ்வாது மலை எழும்பியது. தெர்மாகோல் துகள் சோற்றில் விழுந்தது, குழம்பில் மிதந்தது, முற்றத்தில் மேய்ந்த கோழிகள் அதையும் கொத்திப் பார்த்துவிட்டுத் துப்பின. பச்சை ஸ்ப்ரே பெயிண்ட் அடித்த நாளில் வீட்டில் யாரும் மூச்சு விடவில்லை. பஞ்சில் அருவி விழுந்தது, அதற்குள் நீல விளக்கு எரிந்தது, உச்சியில் 'நெகிழியை ஒழிப்போம்' என்று பளபளத்தது. அதுவும் பிளாஸ்டிக் எழுத்தில். கலைவாணிக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு, செல்லோ டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

"நம்ம மலையில ஒட்டகம் ஏதுப்பா?"

"பொம்மை பாக்கெட்டுல சேர்ந்து வந்துச்சு. தூக்கிப் போட்டா வேஸ்ட்டுதானே? நீ கைய வெக்காத, கெடுத்துடுவ."

வியாழக்கிழமை சாயங்காலம் எல்லாம் முடிந்தது. முடிந்த பிறகும் ப்ராஜெக்ட் அப்பாவுக்குத் திருப்தி வராது. தள்ளி நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார். ஏதோ ஒன்று குறைந்தது. பொம்மையாக இல்லாமல் ஒன்றாவது நிஜமாக இருந்தால்? அப்போதுதான் பின்வாசல் வழியாக ஈச்ச மரம் அவர் கண்ணில் பட்டது. புளியம்பழம் பறிக்கும் துரட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கூட்டின் காம்பில் கொக்கியை மாட்டியபோது துரட்டி திடீரென்று கனத்தது. கீழ்நுனியைக் கலைவாணி இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"வேணாம்பா! உள்ள குஞ்சு இருக்குது!"

"அது பழைய கூடுமா. நாளைக்கு டீச்சர் பாத்தா அசந்துடுவாங்க. வுடு கலை."

"வுடமாட்டேன்."

"உனுக்காகத்தானே செய்றேன்!"

"எனுக்கு வேணாம்!" அவள் அழுதுவிட்டாள்.

வீட்டுக்குள்ளிருந்து மனைவி அமுதவல்லி குரல் கொடுத்தாள்: "இன்னாங்க அங்க? பொண்ண ஏன் அழ வெக்கிறீங்க?"

அந்த நேரம் பார்த்து ஒரு குருவி, வாயில் பச்சைப் புழுவோடு வந்து, துரட்டியைச் சுற்றி இரண்டு முறை படபடத்துவிட்டு, கூட்டின் குழாய்க்குள் விருட்டென்று நுழைந்தது. உள்ளே கீச்சுக்கீச்சென்று ஒரே கூச்சல். ராஜாக்கண்ணு மெதுவாகக் கொக்கியைக் கழற்றினார். அவருக்கு வெட்கமாக இருந்தது. மகள் முகத்தைப் பார்க்கவே கூசியது. ஆனால் ப்ராஜெக்ட் அப்பாவின் வெட்கத்துக்கு ஆயுள் குறைவு. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் தேங்காய் நாரில் ஒரு கூடு செய்து மலையில் ஒட்டிவிட்டார். பாத்திரம் தேய்க்கும் நாரைப் போலவே அது இருந்தது.

மறுநாள் வகுப்புக்குள் அருணா டீச்சரால் நுழைய முடியவில்லை. மலை, கடல், காற்றாலை, அவற்றின் பின்னால் வியர்வையைத் துடைத்தபடி அப்பாக்கள். டீச்சர் எல்லாரையும் சுவரோரம் நிற்கவைத்தார். "பொம்மைங்கள அப்புறம் பாக்கலாம். பிள்ளைங்க சொல்லட்டும்."

ஒரு பையன், கடைக்குப் போகும்போது துணிப்பை கொண்டுபோனதாகச் சொன்னான். ஒருத்தி, அருவிப் பாதையில் சுற்றுலா வந்தவர்கள் வீசிய சிப்ஸ் பாக்கெட்டுகளை ஆடு தின்பதற்குள் பொறுக்கியதாகச் சொன்னாள். கோகுல்ராஜ் எழுந்தான்.

"செடிங்களுக்குத் தண்ணி ஊத்தலாம்னு இருந்தேன் டீச்சர். எங்கப்பா, காத்தாடிய நிக்க வெக்கணும், பக்கெட்ட இங்க குடுன்னு வாங்கிக்கிட்டாரு."

ராஜாக்கண்ணு வாய்விட்டுச் சிரித்தார். சக்கரவர்த்தி கூரையைப் பார்த்தார்.

"கலைவாணி, நீ இன்னா செஞ்ச?"

"எங்க வூட்டாண்ட குருவிக்கூடு இருக்குது டீச்சர். அதுல குஞ்சு இருக்குது. யாரும் கூட்ட ஒண்ணும் பண்ணாம பாத்துக்கிட்டேன்."

"யாரு பண்ண வந்தாங்க? பசங்களா?"

"பசங்க சொன்னா கேட்டுக்கிட்டாங்க டீச்சர். எங்கப்பாவத்தான் சமாளிக்க முடியல."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கைதட்டினார், பிள்ளைகளும் தட்டினார்கள். போன வருஷத்துக் கைதட்டலைவிட இது பெரிது. ராஜாக்கண்ணுவின் காதெல்லாம் சூடாகிவிட்டது. இருந்தாலும் அவர் பக்கத்திலிருந்த சக்கரவர்த்தியின் விலாவில் இடித்துச் சொன்னார்: "என் பொண்ணுய்யா. எல்லாம் நான் குடுத்த ட்ரெய்னிங்கு."

வாசகரே, நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்கும்போது, நம் வீட்டு மாடியிலும் பறவைக்கு ஒரு கூடு வைத்தால் என்ன, பலகை வாங்கி நாமே அறுத்துப் பெயிண்ட் அடித்து பிள்ளை பெயரை எழுதிவிடலாமே என்று மனசுக்குள் அளவெடுக்க ஆரம்பித்துவிட்டீர்களா? கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். உங்கள் மகள் சுத்தியலை ஒளித்து வைத்துக்கொண்டிருப்பாள்.