ஆமை வண்டிக்கு வாய்த்த சைலன்சர்

சத்தம் போடுகிற வண்டியை ஊரே திட்டும். சத்தம் போடாத வண்டியை ஒருத்தரும் பாராட்ட மாட்டார்கள். டிரைவர் வேலை அவ்வளவுதான்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பேச்சும் கம்மி. (பேசினால் ஓட்டுவதில் கவனம் போய்விடும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மையில் என்ன பேசுவது என்று தெரியாது.) எழுதச் சொல்லி வீட்டில் தொந்தரவு. எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். திருச்சி தென்னூரில் ஒரு டாக்டரிடம் டிரைவராக இருந்தேன். அவரிடம் ஒரு பழைய ஜெர்மன் கார் இருந்தது. சொந்த ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் விற்றது. பார்க்க ஆமை மாதிரி இருக்கும். எஞ்சின் பின்னால், டிக்கி முன்னால். ரேடியேட்டர் கிடையாது. காற்றிலேயே எஞ்சின் ஆறிக்கொள்ளும். முதல் நாள் அது தெரியாமல், தண்ணீர்ச் செம்போடு வண்டியை மூன்று சுற்று சுற்றினேன். டாக்டர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். (தங்கமான மனுஷர். ஆனால் வேடிக்கை பார்க்கப் பிடிக்கும்.)

அந்த வண்டியின் சைலன்சரைத் துரு தின்றிருந்தது. கிளப்பினால் கல்யாண வேட்டு. தென்னூரில் வண்டியை எடுத்தால் உறையூரில் தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பார்கள் என்பார் டாக்டர். கொஞ்சம் மிகைதான். கொஞ்சம்.

வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் டாக்டர் ஸ்ரீரங்கத்துக்கு ஒரு நோயாளியைப் பார்க்கப் போவார். கோபுர வாசலுக்குள் நுழையும்போது சத்தம் இரண்டாகும். அடுத்த வாசலில் நாலாகும். அதற்கு அடுத்த தெருவில் பூ மண்டி வைத்திருந்த கோவிந்தசாமியின் வீடு. பூ வியாபாரி விடியுமுன்னே எழுந்து மண்டிக்குப் போகிறவர். அவருக்குத் தூக்கம் என்றால் மத்தியானத் தூக்கம்தான். அதைத்தான் நான் வாரம் தவறாமல் கெடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாது.

அவருக்கு ஒரு மகள்.

எனக்கு வயது இருபத்தெட்டு. மூன்று இடம் தட்டிப் போயிருந்தது. ("பையன் பேசுவாரா?" என்று ஓர் இடத்தில் கேட்டே விட்டார்கள்.) அம்மா கோயிலில் இந்தப் பெண்ணைப் பார்த்தாள். பிடித்துப் போயிற்று. மாமாவை அனுப்பினாள். மாமா என்றால் அம்மாவின் தம்பி. எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

போனவர் திரும்பி வந்து துண்டை உதறினார்.

"எல்லாம் நல்லாத்தான் போச்சு. பையன் என்ன பண்றாருன்னு கேட்டாரு. தென்னூர் டாக்டர்கிட்ட கார் ஓட்டுறான்னேன். எந்தக் காருன்னாரு. சொன்னேன். மனுசன் எந்திரிச்சு நின்னுட்டாரு."

"ஏன்?" என்றாள் அம்மா.

"'அந்தப் பிசாசை ஓட்டுறது உங்க பையனா'ன்னாரு. 'அதே வண்டி சத்தமில்லாம எங்க வாசல்ல வந்து நிக்கட்டும். நான் தூங்கிட்டிருந்தா எனக்கு முழிப்பு வரக் கூடாது. அப்ப வந்து பொண்ணைப் பாருங்க'ன்னுட்டாரு."

அம்மா அழவில்லை. உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள். "இதுவும் போச்சுன்னா நான் வேற இடம் தேட மாட்டேன்" என்றாள். அம்மா சொன்னால் சொன்னதுதான்.

ஆக, என் கல்யாணம் ஒரு சைலன்சரில் தொங்கிக்கொண்டிருந்தது.

புது சைலன்சர் கேட்டு டாக்டர் மெட்ராஸுக்கு எழுதிப் போட்டார். கப்பலில் வர வேண்டும், எட்டு மாதம் ஆகலாம் என்று பதில் வந்தது. பாலக்கரையில் காதர் பாயின் வெல்டிங் பட்டறைக்குப் போனேன்.

"லாரி சைலன்சர் ஒண்ணு கிடக்கு தம்பி. அசல் மாலு. வெட்டிக் குறைச்சு மாட்டிடுவோம்" என்றார் பாய்.

மாட்டினோம். யானைக்குட்டிக்கு அப்பன் தும்பிக்கை மாதிரி தொங்கிற்று. அன்று சாயங்காலம் ரயில்வே கேட்டில் வண்டி தண்டவாளத்தைத் தாண்டியது. சைலன்சர் தாண்டவில்லை. கேட்கீப்பர் ஒரு கையில் கொடியும் ஒரு கையில் சைலன்சருமாகப் பின்னால் ஓடி வந்தார்.

பாய் மனம் தளரவில்லை. "தகட்டுல நானே செஞ்சு தர்றேன். அளவு சொல்லு" என்றார்.

"மூணு சாண், நாலு விரல்" என்றேன்.

என் சாணில் அளந்து சொன்னேன். அவர் தன் சாணில் வெட்டினார். பாயின் கை விசிறி மாதிரி இருக்கும். வந்த சைலன்சர் மாட்டுகிற இடத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தது. வெட்டி, ஒட்டி, வளைத்து மாட்டினோம். வேட்டுச் சத்தம் நின்றது. பதிலுக்கு வண்டி சங்கு ஊத ஆரம்பித்தது. நீளமாக, ஒரே மூச்சில். சாவு வீட்டில் ஊதுவார்களே, அதே சங்கு.

நோயாளி வீட்டு வாசலில் டாக்டரின் கார் சங்கு ஊதிக்கொண்டு போய் நின்றால் எப்படி இருக்கும்? உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. டாக்டர் இறங்கவே இல்லை. "முதல்ல இதைக் கழட்டுப்பா" என்றார்.

அதன் பிறகுதான் காட்டூர்ச் செய்தி வந்தது. அங்கே ஒரு அரிசி மில்லின் பின்கட்டில் இதே மாதிரி ஆமை வண்டி ஒன்று புளிய மரத்தில் மோதி, மூக்கு நசுங்கிக் கிடக்கிறதாம். மோதியது மூக்கு. சைலன்சர் இருப்பது வாலில். சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினேன்.

கிடந்தது. குனிந்து பார்த்தேன். சைலன்சர் முழுசாக இருந்தது. தட்டினேன். கிண்ணென்றது. வண்டிக்குள்ளேயிருந்து ஒரு கோழி கத்திற்று.

மில்காரர் சம்சாரம் வந்துவிட்டார். "யாருங்க அது? கோழி அடை படுத்திருக்கு. கையை வைக்காதீங்க."

"சைலன்சர் மட்டும் போதுங்க."

"எதுவா இருந்தாலும் குஞ்சு பொரிக்கட்டும். தட்டிக் கொட்டினா முட்டை கூழாயிடும்."

"எத்தனை நாளுங்க?"

"முந்தாநாள்தான் வச்சேன். இருபத்தோரு நாள் ஆகும், கணக்குப் பண்ணிக்குங்க."

மாமா பஞ்சாங்கத்தையும் கோழியையும் சேர்த்துப் பார்த்துப் பெண் பார்க்கும் நாளைக் குறித்தார். எங்கள் வம்சத்தில் கோழியிடம் முகூர்த்தம் கேட்டது நான் ஒருவன்தான். முட்டைகள் ஒரு நாள் தாமதித்தன. பெண் பார்க்கப் போகிற நாளன்று காலையில்தான் சைலன்சர் என் கைக்கு வந்தது. குஞ்சுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. (அதற்கு இன்றும் வருத்தம் உண்டு.)

பட்டறையில், மறுபடியும் மாட்டி வைத்திருந்த பழைய ஓட்டைச் சைலன்சரைக் கழற்றினேன். அதற்கு இரண்டு பக்கமும் வண்டிக்குள்ளே போகிற தடித்த குழாய்கள் இரண்டு உண்டு. இரண்டிலும் தேங்காய் நார் திணித்திருந்தது. பிடுங்கினேன். வந்துகொண்டே இருந்தது. ஒரு தலையணைக்கு ஆகும்.

"அதை எதுக்குப்பா எடுக்கிற?" என்றார் காதர் பாய்.

"எலி வச்சது பாய்."

"எலி இவ்வளவு ஒழுங்காவா வைக்கும்? எவனோ காரணத்தோட அடைச்சிருக்கான். விட்டுடு."

நான் கேட்கவில்லை. அசல் சாமான் மாட்டுகிறேன், குப்பையோடு மாட்டுவேனா? குழாய்க்குக் கம்பி விட்டுத் துடைத்தேன். உதறினேன். சைலன்சரைத் தூக்கி வைத்தேன். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. ஒரு நூல் இடைவெளி இல்லை. சாவியைத் திருப்பினேன். பூனை மாதிரி உறுமிற்று. பாய் என் தோளில் தட்டினார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"வண்டியை எடுத்துக்கிட்டே போய்ப் பொண்ணைப் பாரு" என்றார் டாக்டர்.

கத்திரி வெயில். மணி மூன்று. முன்னால் மாமா, பின்னால் அம்மாவும் தட்டுகளும். வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பந்து குண்டுமல்லி, வாழை இலையில் சுற்றி. பெண் பிடித்துவிட்டால் அம்மா அங்கேயே பெண் தலையில் பூ வைப்பதாகப் பேச்சு. பூ வைத்துவிட்டால் முடிந்த மாதிரி.

"வெயில் படாம கீழ வச்சுக்கிறேன்" என்று அம்மா பூவைத் தன் காலடியில் வைத்தாள்.

காவேரிப் பாலம் வருவதற்குள் எனக்குச் சட்டை ஒட்டிக்கொண்டது. மாமா முகத்திலிருந்த பவுடர் கோடு கோடாக இறங்கியது.

"என்னடா இது, இந்த வருசம் கத்திரி இந்தப் போடு போடுது?"

"காத்தே நெருப்பா இருக்குடா" என்றாள் அம்மா.

வியர்வை வழிந்து கண்ணில் இறங்கிற்று. துடைத்தேன். துடைத்த கையில் காலையில் பட்ட கிரீஸ் மிச்சம் இருந்திருக்கிறது. கண் மிளகாய் வைத்த மாதிரி எரிந்தது. அரைக் கண்ணில் ஓட்டினேன். ஆனால் சத்தம் இல்லை. கோபுர வாசலில் திண்டில் தலை வைத்துத் தூங்கிய ஒரு கிழவர் திரும்பிக்கூடப் படுக்கவில்லை. அது போதும் எனக்கு.

கோவிந்தசாமி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். கதவைத் தட்டினோம். வந்து திறந்தவர் தெருவை எட்டிப் பார்த்தார்.

"வண்டி எங்க?"

மாமா கையைக் காட்டினார். அவர் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அட!" என்றார். நான் நிமிர்ந்து நின்றேன். அன்றைக்கு நான் நிமிர்ந்தது அதோடு சரி.

உள்ளே உட்கார்ந்தோம். மூன்று பேரும் காவேரியில் முங்கி எழுந்தவர்கள் மாதிரி இருந்தோம். விசிறி கொடுத்தார்கள். பெண் காப்பித் தட்டோடு வந்தாள். தலையைத் தூக்கினேன். கண் எரிச்சலில் ஒன்றும் தெரியவில்லை. மஞ்சளாக ஒரு புடவை. இரண்டு வளையல். அதற்கு மேல் எல்லாம் பனிமூட்டம். மறுபடி குனிந்துகொண்டேன்.

"பொண்ணைப் பாத்துக்கிட்டியாடா? பிடிச்சிருக்கா?" என்றார் மாமா.

எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். இல்லை, தெரியவில்லை, இன்னொரு தரம் வரச் சொல்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் ஏது?

"பிடிச்சிருக்கு" என்றேன்.

அம்மா சந்தோஷமாக எழுந்தாள். பூப் பொட்டலத்தைப் பிரித்தாள். வாழை இலை கறுத்துச் சுருண்டிருந்தது. உள்ளே மல்லி இல்லை. கடைந்து வைத்த கீரை மாதிரி ஏதோ இருந்தது. காப்பிக் கலர்.

கோவிந்தசாமி கையில் வாங்காமல் பார்த்தார்.

"எந்தக் கடைப் பூ இது?"

"காலையில வாங்கினதுங்க" என்றாள் அம்மா.

"அம்மா, நான் முப்பது வருசமா பூ விக்கிறவன். பூக்காரன் வீட்டுக்கே பழைய பூவா? அதுவும் பொண்ணு தலையில வைக்க?"

மாமா சமாதானம் செய்ய முன்னால் வந்தார். "விடுங்க. பூவுல என்ன இருக்கு?"

(பூ மண்டிக்காரர் வீட்டில் நின்று கேட்கிற கேள்வியா இது?)

"என்ன இருக்கா? நீங்க கிளம்புங்க" என்றார் அவர்.

அம்மா அந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. நாலாவது இடம். இனித் தேட மாட்டாள்.

அப்போது அந்த மஞ்சள் புடவை நகர்ந்து வந்தது. அம்மா கையிலிருந்த பூவைத் தொட்டது.

"அப்பா, தொட்டுப் பாருங்க. சுடுது."

"என்னம்மா?"

"பழைய பூன்னா ஜில்லுனு இருக்கும். இது ஏன் சுடுது? யாரோ வேக வச்சிருக்காங்க."

எனக்கு அந்த நார் ஞாபகத்துக்கு வந்தது. ஜென்மத்தில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் நானாக வாயைத் திறந்தேன்.

"வந்து வண்டியில உக்காருங்க."

"எதுக்கு?"

"உக்காருங்க."

பெண் தன் தலையிலிருந்த மல்லிச் சரத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்தாள். "இதைக் காலடியில வச்சுக்குங்கப்பா." (புத்திசாலி. எனக்கு அது தோன்றவில்லை.)

சித்திரை வீதி நாலையும் ஒரு சுற்றுச் சுற்றினேன். அவர் முதல் வீதியில் நெற்றியைத் துடைத்தார். இரண்டாவது வீதியில் மேல்துண்டை எடுத்தார். மூன்றாவது வீதியில் சட்டையைக் கழற்றினார். நாலாவதில், "தம்பி, நிறுத்துப்பா, செத்துருவேன்" என்றார். இறங்கும்போது அவர் கையில் இருந்த சரமும் கீரையாகியிருந்தது.

வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். தொப்பை குலுங்கச் சிரித்தார். "இட்லிப் பானைக்குள்ள உக்கார வச்சு ஊரைச் சுத்திக் காட்டிட்டாரு மாப்பிள்ளை" என்றார். மாப்பிள்ளை என்று சொன்னதை முதலில் கவனித்தது அம்மாதான். புது மல்லி உள்ளேயிருந்து வந்தது. அம்மா பூ வைத்தாள்.

பிறகு டாக்டர்தான் விளக்கினார். அது பனி பெய்கிற ஊரில் ஓட்டச் செய்த வண்டி. எஞ்சின் சூட்டை அந்தக் குழாய் வழியாக உள்ளே அனுப்பிக் குளிர் காய்வார்களாம். அடைக்கிற திருகு துருப்பிடித்துப் போனதால், அந்த வெள்ளைக்காரர் திருச்சி வெயில் தாங்காமல் நாரைத் திணித்திருக்கிறார். ஓட்டைச் சைலன்சர் இருந்தபோதும், ஒட்டாத சைலன்சர் மாட்டியபோதும் நார் அடைத்திருந்ததால் சூடு தெரியவில்லை. எல்லாம் சரியாகப் பொருந்திய அன்றுதான் என்னை வேக வைத்தது.

வீடு திரும்ப வேண்டுமே. மாமனார் வீட்டுக் கொல்லையிலிருந்து இரண்டு கை தேங்காய் நார் கேட்டு வாங்கி, விரலைச் சுட்டுக்கொண்டு திணித்தேன். மாமனார் வீட்டிலிருந்து எனக்கு வந்த முதல் சீர் அதுதான்.

பெண்டாட்டி ரெங்கநாயகியின் முகத்தை நான் முதலில் பார்த்தது மணவறையில். இதைப் பல வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. பெரியவனுக்குப் பெண் பார்த்த சமயத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ரெங்கநாயகி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப என்னைப் பாக்காமலேதான் பிடிச்சிருக்குன்னு சொன்னீங்களா?"

"ஆமா."

அவ்வளவுதான் பேசினேன். அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். எங்கள் வீட்டில் எந்தப் பையன் பெண் பார்க்கக் கிளம்பினாலும், வாசலில் நிறுத்தி ஒரு கைக்குட்டையைக் கையில் திணிப்பாள்.

"முதல்ல கண்ணைத் துடைச்சுக்கடா. அப்புறம் வாயைத் திற."