துண்டுக்கு வந்த மரியாதை

உலக வரலாற்றில் ஒரு பருத்தித் துண்டுக்காகக் குளிர்சாதன அறை கட்டிய பெருமை பெரம்பலூருக்கு மட்டுமே உண்டு. பஸ்ஸில் இடம் பிடிக்கத் துண்டு போடுகிறவர்களையே பார்த்துப் பழகிய ஊர் இது. வரலாற்றில் இடம் பிடித்த துண்டுக்கு மரியாதை செய்ய ஒரு ‘நினைவுப் பேரவை’யே பிறக்க வேண்டியிருந்தது.

துண்டு, காலஞ்சென்ற தலைவர் கருப்பண்ணனுடையது. பண்ணையார் எதிரே வந்தால், கூலிக்காரர்கள் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டிய காலம் ஒன்று இருந்தது. கருப்பண்ணன் கட்டவில்லை. புளியமரத்தில் அவரைக் கட்டி வைத்து அடித்தார்கள். துண்டு தோளிலேயே கிடந்தது. மறுநாள் வாலிகண்டபுரத்துக் களத்துமேட்டில் எல்லாத் தோளிலும் துண்டு.

பேரவை கட்டிய அந்த அருங்காட்சியகத்தின் திறப்பு விழாவுக்கு அவருடைய மகன் செல்லப்பன், மனைவி மலர்கொடியோடு வேப்பந்தட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தார். அப்பாவின் துண்டைப் பெட்டியில் வைத்துக் காத்து, பேரவைக்குக் கொடுத்தவர் அவர்தான். கொடுத்ததிலிருந்து, அப்பாவையே யார் வீட்டிலோ விட்டுவிட்டு வந்ததுபோல மனசு அடித்துக்கொண்டது. இன்று பார்த்துவிட வேண்டும். அதுவும் அப்பாவைப் போலவே, தோளில் துண்டோடு.

“பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இத்தன தடவ துண்டச் சரி பண்ணலீங்க” என்றாள் மலர்கொடி.

“சும்மா வா புள்ள.”

வாசலில் ஒரு பலகை கம்பீரமாக நின்றது: ‘புனிதம் கருதி, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வரவும்.’

செல்லப்பன் அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கும்போதே பேரவைச் செயலாளர் காசிநாதன் கைகூப்பியபடி வந்தார்.

“வாங்கய்யா, வாங்க. துண்ட மட்டும் எறக்கிக் கட்டிக்கிடுங்க. கோயில்ல செய்யறதுதானே? பெரியவர் முன்னால தோள்ல துண்டு போடலாமா?”

“அந்தப் பெரியவரு எங்கப்பாங்க.”

“அப்ப நீங்கதான் மொதல்ல கட்டணும்!”

மலர்கொடி விடவில்லை. “ஏன் சார், இப்ப ஒருத்தரு தோள்ல பளபளன்னு போட்டுக்கிட்டு உள்ள போனாரே?”

“அது பொன்னாடைம்மா. பொன்னாடை துண்டுல சேராது. கூட்டத்துல விவாதிச்சு எடுத்த முடிவு.”

செல்லப்பன் தோள் துண்டைப் பிடித்துக்கொண்டார். இறக்கினால் அப்பாவின் துண்டைப் பார்க்கலாம். இறக்கிவிட்டு எந்த முகத்தோடு பார்ப்பது?

“நான் வரலீங்க. நீங்க நடத்துங்க” என்று படி இறங்கினார்.

தலைவரின் மகன் இல்லாத போட்டோ எந்தப் பேப்பரிலும் வராது. இந்த உண்மை காசிநாதனுக்குச் சட்டென்று உறைத்தது. நிர்வாகத் திறமைக்கு இலக்கணம் வகுக்க விரும்புவோர் அவர் அடுத்துச் செய்ததைக் குறித்துக்கொள்ளலாம். ஓடிப்போய் ஒரு பொன்னாடையை எடுத்துவந்தார். துண்டு துளியும் வெளியே தெரியாதபடி அதைச் செல்லப்பன் தோளில் போர்த்தினார்.

“இப்ப நீங்க விருந்தினர்! விதியும் மீறல, உங்க மனசும் நோகல.”

உள்ளே குளிர் ஜிலுஜிலுத்தது. கண்ணாடிக்குப் பின்னால் கருப்பண்ணன் மெழுகுச் சிலையாக நின்றார். மீசை, நெற்றிச் சுருக்கம், எல்லாம் அப்படியே அப்பா. கழுத்தில் ஆளுயர ரோஜா மாலை. துண்டு மட்டும் தோளில் இல்லை. இடுப்பில் இருந்தது, அழகான முடிச்சோடு.

மலர்கொடி கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“தோள்ல கெடந்தா மாலை நிக்காம வழுக்குதுங்க. அதான் தீர்மானம் போட்டு எறக்கிட்டோம்” என்றார் காசிநாதன், பூரிப்போடு. “கச்சிதமா இருக்குல்ல?”

செல்லப்பன் பொன்னாடையைக் கழற்றி உதறினார். அதை விரித்துக் காசிநாதனின் தோளில் பக்குவமாகப் போர்த்தினார். கேமராக்கள் மின்னின, கூட்டம் கைதட்டியது.

“இது உங்களுக்குத்தான் சார் சேரும். மரத்துல கட்டிவச்சு, தோலு உரிய அடிச்சும் எங்கப்பன் தோள்லேருந்து அவனுங்களால எறக்க முடியாத துண்ட, ஒரு அடிகூட அடிக்காம எறக்கிட்டீங்களே!”