நாலு பல்பும் ஒரு முறைக்காரியும்

சாப்பாட்டு மேஜைக்கு மேல் தொங்கிய நாலு பல்புகளில் ஒன்று துடித்தது. முகாய் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

மனைவி போனபின் எதிர் நாற்காலி காலி. அது பளிச்சென்று தெரிய வேண்டாமே என்றுதான் வெளிச்சத்தைக் குறைக்கிற டிம்மர் சுவிட்ச் போட்டார். அன்று பிடித்தது சனி.

கதவு தட்டப்பட்டது. எதிர்க் கட்டடத்து ஹதானகா அம்மாள்! ஜப்பானில், அமகசாக்கியின் அந்தக் குடியிருப்பில் காரணமில்லாமல் யாரும் யார் கதவையும் தட்டமாட்டார்கள். தனிக்கட்டைகளின் விளக்கில் கோளாறு தெரிந்தால் மட்டும் அந்த மாத முறைக்காரர் வந்து பார்க்க வேண்டும். இந்த மாதம் அந்த அம்மாள் முறை.

"விளக்கு துடிக்குதே முகாய்-சான், உசுரோட இருக்கீங்களா?"

"இருக்கேன். உங்களுக்குத்தான் சிரமம், மன்னிச்சுக்கங்க."

மறுநாளே நாலு பல்பையும் புதிதாக மாற்றினார். சரியானதைப் பார்த்து முறைக்காரர் பதிவேட்டில் முத்திரை குத்த வேண்டும். அந்த அம்மாள் வந்தார். முழு வெளிச்சம் வைத்து, அவரை மேஜையருகே விட்டு, முகாய் உள்ளே போய் டீ போட்டு வந்தார். பத்து நிமிஷம் பேச்சு. அந்த வாரம் முகாய் ஒருவரோடு உட்கார்ந்து பேசியதே அப்போதுதான்.

அடுத்த நாள் தனியாகச் சாப்பிட உட்கார்ந்து வெளிச்சத்தைக் குறைத்தார். மறுபடி ஒன்று துடித்தது. மறுபடி கதவு.

முகாய் ஆள் வைத்து சுவிட்சை மாற்றினார். முத்திரை, டீ. மறுநாள் இரண்டு துடித்தன. விலை உயர்ந்த சுவிட்ச் போட்டார். முத்திரை, டீ. மறுநாள் மூன்று துடித்தன.

"உங்க வீடு என்ன, திருவிழாப் பந்தலா?" என்று சிரித்தார் ஹதானகா.

முகாயும் சிரித்தார். நாளையோடு அந்த அம்மாள் முறை முடிகிறது என்பது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. இனி வேறு யாரோ வந்து தட்டுவார்கள். அவருக்கு விளக்கே வேண்டாம் போலிருந்தது.

ஆனாலும் மானம் விடவில்லை. மறுநாள் மின்கடைக்காரர் தெஜிமாவையே வரவழைத்தார். அவர் பல்புகளைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார்.

"மூணு பல்பு டிம்மருக்கு ஆகாத ரகம். மங்குற பல்போட மங்காததைக் கலந்தா துடிக்காம என்ன பண்ணும்?"

"நாலும் ஒரே ரகமாத்தானே உங்க கடையில வாங்கினேன்!"

தெஜிமா தலையைச் சொறிந்தார்.

"நீங்க சரியாத்தான் வாங்கினீங்க. எது போட்டா நல்லாத் துடிக்கும்னு கேட்டு வாங்குறது ஹதானகா-சான்தான். அடுத்த மாச முறையையும் கேட்டு வாங்கிட்டாங்களாம், காலையில இன்னும் ஆறு எடுத்துட்டுப் போனாங்க."