துரையோட கல்யாணப் பெட்டிக்குப் பரஸ்தானம்

அன்னைக்கு எனக்குக் கொடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். எங்க ஜப்பான்கார துரை கல்யாணம் பண்ணிக்க ஊருக்குப் போறாரு. அவரோட ஊரான கோபேக்கு எந்தக் கப்பல் தோதுன்னு சிங்கப்பூர்ல விசாரிச்சு டிக்கெட் எடுத்துட்டு வரணும்.

நான் லாயாங் லாயாங்ங்கிற ஊர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணி. கப்பல் விஷயம் எல்லாம் எனக்கு அத்துப்படின்னு அளந்து வெச்சிருந்தேன். நாகப்பட்டினத்துலேருந்து வந்தப்போ வழி பூரா வாந்தி எடுத்ததுதான் என் அனுபவம்!

திரும்பி வந்து மலாய்ல சொன்னேன். "ரெண்டு வழி இருக்கு துரை. சரக்குக் கப்பல் ஊர் ஊரா நின்னு போகும். தபால் கொண்டு போற மெயில் கப்பல் வேகம். மெயிலுக்கே எடுத்துட்டேன்."

"நல்லது"ன்னு டிக்கெட்டை வாங்கிக் கல்யாணப் பெட்டிக்குள்ள வெச்சாரு.

அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. கப்பல் கிளம்புறது செவ்வாக்கிழமை மூணரை மணி. அலமாக்! சுத்த ராகுகாலம்! கல்யாணத்துக்குப் போற மனுஷன் அந்த நேரத்துலயா கிளம்புறது?

சொன்னா துரை சிரிப்பாரு. சத்தமில்லாம பரஸ்தானம் பண்ணிடலாம்னு முடிவு பண்ணேன். நல்ல நேரத்துல பெட்டியை மட்டும் வீட்டை விட்டு வெளியேத்தி வேற இடத்துல வெச்சுட்டா, ஆளே கிளம்பின மாதிரிதான்.

ஞாயித்துக்கிழமை காலையில, "பெட்டியை ரயில் ஸ்டேஷன்ல சேத்துடறேன் துரை"ன்னு தூக்கிட்டுப் போய், அங்க வேலை பார்க்கிற கனகு அண்ணன்கிட்ட ஒப்படைச்சேன்.

"அண்ணே, துரையோட கல்யாணத் துணி. பத்திரம்!"

"கவலைப்படாத லா, தம்பி. நான் பார்த்துக்கிறேன்."

செவ்வாக்கிழமை துரையும் நானும் ஸ்டேஷனுக்குப் போனா, பெட்டி இல்ல!

"அது அன்னைக்கே போயிருச்சே"ங்கிறாரு கனகு அண்ணன். "மேல கோபே விலாசம் எழுதியிருந்துச்சு. ரயில்ல ஏத்திட்டேன்."

"வெச்சுக்கத்தானேண்ணே சொன்னேன்!"

"கல்யாணத் துணின்னியேப்பா! அவசரம்னு நெனச்சேன்."

துரை முகம் வெளுத்துப் போச்சு. "கிராணி, டிக்கெட் பெட்டியிலதான் இருக்கு."

சிங்கப்பூருக்கு ஓடினோம். துறைமுகத்துல விசாரிச்சா, பெட்டியை முந்தின நாளே சரக்குக் கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டாங்க. மெயில் கப்பல்லயோ வேற இடம் காலி இல்ல.

"ஐயா, இவர்தான் மாப்பிள்ளை!"ன்னு கத்தினேன்.

"யாரா இருந்தாலும் டிக்கெட் வேணும்"னுட்டான் வாசல்ல நின்னவன்.

ராகுகாலத்துல கப்பல் ஜம்முன்னு கிளம்பிப் போச்சு. அழாத குறையா எல்லாத்தையும் துரைகிட்ட ஒப்பிச்சேன். மலாய்ல ராகுகாலத்தை விளக்குறது இருக்கே, அந்த அவஸ்தை யாருக்கும் வரக்கூடாது!

அடுத்த மெயிலுக்குத் துரை தோட்டத்துலயே வாரக்கணக்காக் காத்துக்கிட்டு இருக்கப்போ, பொண்ணு வீட்டுத் தந்தி வந்துச்சு. பெட்டி சுகமா வந்து சேந்துச்சாம். மாப்பிள்ளைதான் காணோமாம். கல்யாணத்தைத் தள்ளி வெச்சிருக்காங்களாம்.

துரை ரெண்டு தடவை படிச்சாரு. என்னை ஏற இறங்கப் பார்த்தாரு.

"ஏன் கிராணி, நல்ல நேரம் பெட்டிக்கு மட்டும்தான் பார்த்தியா?"