அவுன்சரின் உப்பு

வன்னிப் பெருநிலத்தில் அவுன்சர் அளக்காமல் செய்த காரியங்கள் இரண்டே இரண்டு. ஒன்று கல்யாணம். அளந்திருந்தால் அதையும் செய்திருக்க மாட்டார் என்பது அவருடைய மனைவியின் கருத்து. மற்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கண் முன்னால் நடந்தது. அதற்கு வருகிறேன்.

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்திருக்கும். ஸ்கந்தபுரம் பக்கத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. இடம்பெயர்ந்து வந்து ஓலைக் கொட்டிலில் நடந்த ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கலந்து கொடுப்பது அவர் வேலை. போத்தலை நோயாளிதான் கொண்டுபோக வேண்டும். சோடாப் போத்தலோ சாராயப் போத்தலோ, எதைக் கொண்டுபோனாலும் அதன் வயிற்றில் ஒரு கடதாசித் துண்டை நெடுக்காக ஒட்டுவார். வேளைக்கு ஒன்றாக அதில் வெட்டுகள் இருக்கும். பிறகு அவுன்ஸ் கிளாசைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி ஒரு கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் வரிசையில் நிற்பவர்கள் இருமலைக்கூட அடக்கிக்கொள்வார்கள். நேரில் எல்லோருக்கும் அவர் ஐயா. முதுகுக்குப் பின்னால் அவுன்சர்.

அவர் மனைவி மருத்துவமாது. ஊர் முழுக்க அவரை மிஸ்ஸி என்று கூப்பிட்டது. அவுன்சரும் வீட்டில் மிஸ்ஸி என்றே கூப்பிட்டார். காட்டுப் பாதையில் சைக்கிள் மிதித்துப் போய்ப் பிள்ளைப்பேறு பார்ப்பது மிஸ்ஸியின் தொழில். எந்த வீட்டில் பிள்ளை பிறக்கிறதோ அந்த வீட்டில் அன்று அவருக்குச் சாப்பாடு. அவுன்சருக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு. கணவனும் மனைவியும் தங்கள் குசினியில் சமைத்து ஒன்றாக இருந்து சாப்பிடுவது ஞாயிறு மத்தியானம் மட்டும்தான்.

அந்த ஒரு வேளைச் சாப்பாட்டால்தான் பிரச்சினை வந்தது. மிஸ்ஸி முல்லைத்தீவுக் கடலோரத்துக் கத்தோலிக்க வீட்டுப் பெண். அவுன்சரின் குடும்பம் எழுபத்தேழுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, காடு வெட்டித் தோட்டம் செய்த சைவக் குடும்பம். கல்யாணமான முதல் ஞாயிறு மிஸ்ஸி மீன் குழம்பு வைத்தார். அவுன்சர் ஒரு வாய் வைத்துவிட்டு, "எங்கட அம்மா வைக்கிறது இப்பிடியில்லை" என்றார். அடுத்த ஞாயிறு அவுன்சர் தாயின் முறைப்படி ரொட்டியும் சம்பலும் செய்தார். மிஸ்ஸி ஒரு வாய் வைத்துவிட்டு அதே வசனத்தைத் திருப்பிச் சொன்னார். மூன்றாம் ஞாயிறு ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர் தாயின் கறியும் வேண்டாம், இவர் தாயின் கறியும் வேண்டாம். இரண்டு பரம்பரையிலும் ஒருவரும் கேள்விப்படாத சாப்பாடு ஒன்றைக் கிழமைக்குக் கிழமை செய்வது. செய்ததைத் திரும்பச் செய்வதில்லை. கெட்டுப்போனாலும் குற்றம் சொல்ல ஒரு மாமியார் இருக்கமாட்டார்.

இந்த ஏற்பாட்டுக்குள் நான் வந்தது ஒரு கட்டுக் கடதாசியால். யாழ்ப்பாணத்தில் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்தேன். தொண்ணூற்றைந்தில் ஊரே புறப்பட்டபோது, என் கட்டுரைகளைச் சேர்த்துக் கட்டிவைத்த கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சாவகச்சேரி தாண்டி, கிளாலியில் கடலும் கடந்து, வன்னியில் அவிழ்த்துப் பார்த்தால் அது பெண்கள் பக்கக் கட்டு. பத்து வருடத்துச் சமையல் குறிப்புகள். என்னுடைய அரசியல் ஆய்வுகள் அப்படியே மேசையில் கிடந்திருக்கும். அவற்றைத் தேடி இன்றுவரை ஒருவரும் வரவில்லை. அந்த ஒப்பந்தம் போட்ட சூட்டோடு, சமையல் குறிப்புகளைத் தேடி அவுன்சர் இரண்டாம் நாளே வந்துவிட்டார்.

அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு நறுக்கு நான் கொடுக்க வேண்டும். பதிலுக்கு ஞாயிறு மத்தியானம் எனக்கும் ஒரு கோப்பை. பலர் இதை எனக்குக் கிடைத்த சலுகை என்று நினைத்தார்கள்.

குறிப்புகள் எல்லாம் கொழும்புச் சீமாட்டிகள் எழுதியவை. அவற்றில் இருந்த சாமான்களில் பாதி வவுனியா தாண்டி வர அனுமதியில்லாதவை. மீதிப் பாதியை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. அவுன்சர் கலங்கவில்லை. மருந்து முடிந்தால் அதே குணமுள்ள வேறு மருந்து கொடுப்பது அவர் தொழில் தர்மம். மக்கரோனி இல்லையா? பப்பாசி இலைக் காம்பும் உள்ளே வெறுங்குழல்தானே. அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி அவித்தார். பார்வைக்கு மக்கரோனியேதான். வாயில் போட்டதும் மலேரியாக் குளிசையின் ஞாபகம் வந்தது. கஸ்ரட் என்ற பெயரில் ஒருமுறை வந்தது கூவைக்கிழங்குக் கூழ். மிஸ்ஸி கரண்டியை நட்டுவிட்டுக் கையை எடுத்தார். கரண்டி சாயவில்லை.

சாமான் சேர்ப்பதும் ஆஸ்பத்திரியில்தான். "காய்ச்சல் எத்தினை நாள்? வாந்தி இருக்கோ? வீட்டில கறுவாப்பட்டை இருக்கோ?" என்று ஒரே மூச்சில் கேட்பார். மூன்றாவது கேள்விக்கு ஓம் என்றவர்களுக்கு மருந்து முதலில் கிடைத்தது என்று ஒரு கதை உலவியது. அது பொய். வரிசை தவறாது. மூன்று கிழமை கவனித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இதையெல்லாம் சகிக்கலாம். சகிக்க முடியாதது உப்பு.

எந்தச் சமையல் குறிப்பிலும் கடைசி வரி, 'உப்பு: தேவையான அளவு.' முதன்முதலாக அந்த வரியைக் கண்டபோது அவுன்சர் என்னிடம் வந்து நறுக்கை நீட்டினார்.

"இது என்ன? தேவையான அளவெண்டால் எத்தினை கிராம்?"

"அது அவரவர் வாய்க்குத் தக்கபடி, ஐயா."

"டொக்டர் இப்பிடித் துண்டெழுதினால் நான் மருந்து குடுப்பனோ? ஆருக்குத் தேவை? எந்த நேரம் தேவை? அளவில்லாத சாமானை நான் கையால தொடமாட்டன்."

தொடவில்லை. அந்த வீட்டுச் சட்டியில் உப்பு விழவே இல்லை. மிஸ்ஸி அவருக்குத் தெரியாமல் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தார். அவர் ஒரு சொட்டை நாக்கில் வைத்ததுமே, "கலப்படம்" என்று கரண்டியை வைத்துவிட்டார். கடைசியில் ஒரு சமரசம் வந்தது. உப்பைப் பொடித்து ஒரு மருந்துப் போத்தலில் நிரப்பி நடுவில் வைப்பது. அவரவர் கோப்பையில் அவரவர் பொறுப்பில் போட்டுக்கொள்ளலாம். போத்தலில், பூசுகிற மருந்துக்கு எழுதுவதுபோல, அவர் கையெழுத்தில் ஒரு லேபிள்: 'உப்பு. வெளிப்பாவனைக்கு மட்டும்.'

மிஸ்ஸிக்கு ஒரு அண்ணன். கரைவலைச் சம்மாட்டியார், வலைக்கும் அதை இழுக்கும் ஆட்களுக்கும் முதலாளி. இந்தக் கல்யாணத்தில் அவருக்குத் துளியும் சம்மதமில்லை. மதம் ஒரு காரணம். மாப்பிள்ளையின் பூர்வீகம் இன்னொரு காரணம். அதைப் பற்றி அவர் சொன்ன சொல்லை இங்கே எழுதத் தேவையில்லை. "உன்ர வீட்டு உப்பு என்ர வாயில படாது" என்று தங்கையிடம் சொல்லிவிட்டார். ஒரு வீட்டு உப்பைத் தின்றவன் அந்த வீட்டைத் தாழ்த்திக் கதைக்கக் கூடாது என்பது முறை. தொடர்ந்து தாழ்த்திக் கதைக்க வசதியாக அவர் உப்பைத் தவிர்த்தார்.

ஆனால் வார்த்தைக்கு வார்த்தை நேர்மையான மனிதர். இரண்டு மாதத்துக்கு ஒருதடவை கருவாட்டுப் பொட்டலத்தோடு சைக்கிளில் வந்து தங்கையைப் பார்ப்பார். தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பார், அதில் உப்பில்லை. கஞ்சி கொடுத்தால் மாட்டார். அவுன்சரோடு ஒரு சொல் பேசமாட்டார். மத்தியானத்துக்கு முன் படலையைத் தாண்டிவிடுவார். அவர் போன பிறகு மிஸ்ஸி அந்தத் தேத்தண்ணிப் பேணியை உடனே கழுவமாட்டார். கொஞ்சநேரம் அடுப்பங்கரையில் அப்படியே இருக்கும். இப்படி ஆறு வருடம்.

அந்த ஞாயிற்றுக்கு முந்திய நாள் சம்மாட்டியாரின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. தலைப்பிள்ளை. குறுக்கே கிடந்த பிள்ளையை இரண்டு உயிருக்கும் சேதமில்லாமல் எடுத்தது மிஸ்ஸியின் கை. காலையில் சம்மாட்டியார் ஒரு பெரிய பாரை மீனோடு வந்தார். தங்கையிடம் கொடுத்தார். தேத்தண்ணி குடித்தார். எழுந்து போய்ச் சைக்கிளைப் பிடித்தால் பின் சில்லில் காற்றில்லை. சில்லு ஒட்டுகிறவர் கோயிலுக்குப் போயிருந்தார். திரும்பிவந்து ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கியபோது ஒன்பது ஓட்டை. மத்தியானமாகிவிட்டது. சம்மாட்டியார் எங்கள் முன்னால் முற்றத்துக் கதிரையில், படலையைப் பார்த்தபடி, விறைத்துப்போய் இருந்தார்.

மிஸ்ஸி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது.

"நீங்களெண்டாலும் இவருக்குச் சொல்லுங்கோ. இண்டைக்கு மட்டும் அம்மான்ர குழம்பை வைக்கிறன். அந்த மணத்துக்கு அண்ணை இருந்திடுவார். இண்டைக்கும் சாப்பிடாமல் போனாரெண்டால் இனி ஒரு நாளும் இல்லை."

எனக்கும் அதுவே நியாயமாகப் பட்டது. சொன்னேன். அவுன்சர் மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார், சத்திரசிகிச்சை போல. தலையை நிமிர்த்தவில்லை.

"ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். துண்டைத் தாங்கோ."

அன்றைய துண்டு, 'ஐரோப்பிய முறை மீன் புடிங்.' இந்த மனிதருக்கு அளக்கத் தெரிந்த அளவுக்கு ஆட்களைத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டு கொடுத்தேன். உருளைக்கிழங்குக்குப் பதில் மரவள்ளி. சீசுக்குப் பதில் துணியில் கட்டிப் பிழிந்த எருமைத் தயிர். மின்சார அவணுக்குப் பதில் அடியில் மணல் பரப்பிய பெரிய தாச்சி, மூடிக்கு மேலே தணல். ஒரு மணித்தியாலத்தில் வெந்தது.

பாய் போட்டார்கள். மிஸ்ஸி முற்றத்து வாசலில் நின்று, "அண்ணை, வாங்கோவன்" என்றார். சம்மாட்டியார் அசையவில்லை. "பசியில்லை" என்றார். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்ட மனிதர். அவர் வயிறு சொன்ன மறுப்பு எனக்குக் கேட்டது.

அப்போது அவுன்சர் சட்டியோடு வெளியே வந்தார். ஒவ்வொரு ஞாயிறும் சாப்பிட முன்னர் அன்றைய கலவையை ஒப்புவிப்பது அவர் வழக்கம். அன்றும் ஒப்புவித்தார். ஆனால் என் முகத்தைப் பார்த்தல்ல, முற்றத்தைப் பார்த்து.

"மீன் ஒண்டேகால் றாத்தல். மரவள்ளி ரெண்டு றாத்தல். தேங்காய்ப்பால் எட்டு அவுன்ஸ். தயிர் நாலு அவுன்ஸ். மிளகு ரெண்டு டிறாம்." கொஞ்சம் நிறுத்தினார். "உப்பு இல்லை. ஒரு கிறெயின்கூட இல்லை."

கலவையில் இல்லாத ஒன்றை அவர் ஒப்புவித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சம்மாட்டியார் தலையைத் திருப்பினார். தங்கையைப் பார்த்தார்.

"மெய்யோ?"

"ஓம் அண்ணை. இந்த வீட்டில ஆறு வருஷமா உப்புப் போட்டுச் சமைச்சதில்லை."

அவர் எழுந்து வந்து கை கழுவினார். பாயில் இருந்தார். ஒரு வாய் எடுத்து வைத்தார். வலை இழுத்துக் காய்ந்த அந்த முகத்தில் நடந்ததை நான் வர்ணிக்கப் போவதில்லை. பிறந்த நாளிலிருந்து காற்றிலேயே உப்பைச் சுவாசித்த மனிதர் அவர். இரண்டாவது வாயையும் வைத்தார். மூன்றாவதைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். மிஸ்ஸி மூச்சுவிடவில்லை. நானும் விடவில்லை என்று பிறகு கண்டுபிடித்தேன்.

"உந்தப் போத்தலில என்ன?" என்று கேட்டார் சம்மாட்டியார்.

"உப்பு" என்றார் மிஸ்ஸி.

"என்னவோ எழுதியிருக்கு."

"வெளிப்பாவனைக்கு மட்டும்" என்றார் அவுன்சர்.

சம்மாட்டியார் போத்தலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். சம்மாட்டியாரின் உதட்டோரம் ஒருமுறை துடித்தது. போத்தலை அவுன்சரிடம் நீட்டி, கோப்பையையும் அவர் பக்கம் தள்ளினார்.

அவுன்சர் கை பழக்கத்தில் அவுன்ஸ் கிளாசைத் தேடியது. "எவ்வளவு போட?"

"தேவையான அளவு போடு, மச்சான்."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவுன்சர் கிளாசை எடுக்கவில்லை. கண்ணை மூடவில்லை. போத்தலைக் கவிழ்த்தார். வாழ்நாளில் அளக்காமல் ஊற்றியறியாத கை. தேவையான அளவு எவ்வளவு என்று அந்தக் கைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கால்வாசிப் போத்தல் கோப்பையில் கொட்டியது.

சம்மாட்டியார் அதைக் குழைத்தார். ஒரு துகள் மிச்சமில்லாமல் முழுவதையும் சாப்பிட்டார். தண்ணீர் எடுக்கக் குசினிக்குள் போன மிஸ்ஸி கனநேரம் திரும்பி வரவில்லை. பிறகு ஒரு குடமே கொண்டுவந்தார். அதுவும் தேவைப்பட்டது.

அடுத்த ஞாயிறு பார்த்தபோது போத்தலில் லேபிள் மாறியிருந்தது. 'உப்பு' என்று மட்டும் இருந்தது. சட்டிக்குள் மட்டும் கடைசிவரை போடவில்லை. போட்டால் சம்மாட்டியார் வரும் நாளில் கேட்டு வாங்க என்ன இருக்கும் என்று அவுன்சர் என்னைக் கேட்டார்.

பிறகு திரும்பவும் இடப்பெயர்வு வந்தது. நான் வவுனியாவுக்கு வந்தேன். அவர்கள் மற்றப் பக்கம், மிஸ்ஸியின் கடலோரத்தை நோக்கிப் போனார்கள். கட்டில் மிச்சமிருந்த நறுக்குகளை மிஸ்ஸியின் சைக்கிள் கரியரில் கட்டிவிட்டேன். இப்போது நானே சமைக்கிறேன். குறிப்பின் கடைசி வரிக்கு வரும்போது உப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிற்பேன். எத்தனை கிராம் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனாலோ என்னவோ, என் கறியில் உப்பு இன்றுவரை சரியாக வரவில்லை.