மணிக்கூட்டுக்குத் தூசு ஆகாது

மார்கழி பிறந்தால் லெனாட்டுக்கு இடுப்பில் நாரி பிடிக்கும். மற்ற மாதமெல்லாம் நேராக நிற்கிற நாரி, பாலன் பிறக்கிற நத்தாருக்கு வீடு துப்புரவாக்க மனைவி பியாட்றிஸ் தும்புத்தடியைத் தேடுகிற நாளில் மட்டும் வளைந்துவிடும். போன முறை அவள் அவரை வைத்தியரிடம் கூட்டிப்போனதில் குட்டு வெளிப்பட்டுவிட்டது. ஆகவே இந்த முறை நாரியை விட்டுவிட்டு, தபால் கந்தோரில் பழுத்த மூளையைப் பாவிப்பதென்று தீர்மானித்தார்.

மூளைக்கு அகப்பட்டது மாமனாரின் மணிக்கூடு. உடுவிலில் அவர்கள் இருக்கிற வீடு பியாட்றிஸின் சீதனம். வளவும் சீதனம். மாமரமும் அதிலுள்ள முசுறு எறும்பும்கூடச் சீதனக் கணக்குத்தான். கலியாணத்தன்று மாமனார் தன் கையிலிருந்து கழற்றி மருமகனுக்குக் கட்டிவிட்ட அந்தச் சாவி கொடுக்கிற கைமணிக்கூடு ஒன்றுதான் லெனாட்டின் சொந்தச் சொத்து. பாலாடை நிற முகம், மெல்லிய முட்கள், அவ்வளவு வடிவு. அது ஓடாமல் நின்று பல வருசம். இந்த நத்தாருக்குக் கனடாவிலிருந்து மைத்துனன் எட்வேர்ட் வருகிறான். அப்பாவின் மணிக்கூடு எங்கே என்று கட்டாயம் கேட்பான். செத்த மணிக்கூட்டை நீட்டினால், அத்தான் அதைப் பேணிய இலட்சணத்தைக் கோயில் வாசலில் வைத்தே ஊருக்குச் சொல்லக்கூடியவன்.

"நானே திருத்தப்போறன்," என்றார் லெனாட், காலைத் தேத்தண்ணியோடு. "யூரியூப்பிலை எல்லாம் பாத்திட்டன். சரியான நுட்பமான வேலை. ஏணி தூக்கின கை நடுங்கும். நடுங்கிற கையாலை மணிக்கூட்டைத் திறக்க ஏலாது."

"ஓம், அது சரிதானே," என்றாள் பியாட்றிஸ்.

அவள் அவ்வளவு கெதியாக ஒத்துக்கொண்டதைக் கண்டு அவர் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. சாமணம், பூதக்கண்ணாடி, காற்று ஊதுகிற றப்பர் குமிழ் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு வகுப்பெடுத்தார். முகத்தில் விரல் படக்கூடாது. துணியால் அழுத்தித் துடைத்தால் எழுத்தே போய்விடும். உள்ளே ஒரு தூசு விழுந்தாலும் பற்சில்லுகள் தேய்ந்து, பிறகு மணிக்கூடு குப்பைக்குத்தான்.

"ஒரு தூசும் ஆகாதோ?"

"ஒரு தூசும் ஆகாது."

பியாட்றிஸ் அண்ணாந்து பார்த்தாள். அவரும் பார்த்தார். மேசைக்கு நேர்மேலே கூரை முகட்டில் ஒட்டறை தொங்கிக்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்கோ, என்ரை அப்பான்ரை மணிக்கூடு. உதுக்குக் கீழை வைச்சே திறக்கப்போறியள்?"

தவளை தன் வாயால் கெட்டது. வேறு வழியில்லாமல் ஏணியைத் தூக்கினார். ஒட்டறை போனதும் ஃபான் இலைகளில் அழுக்குத் தெரிந்தது. அது சுற்றினால் தூசு பறக்கும் என்றாள். ஃபானைத் துடைத்தார். யன்னல் சீலை ஆடினாலும் தூசுதானே என்றாள். அவற்றைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தார். பக்கத்து அறைத் தூசு காற்றோடு இங்கே வராதா என்று ஒரு சந்தேகம் கேட்டாள். பக்கத்து அறையும் முடிந்தது, அதற்குப் பக்கத்து அறையும் முடிந்தது. மணிக்கூடு மட்டும், வீடு துப்புரவாகும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று அவளிடமே இருந்தது. பக்கத்து வளவு நமசிவாயம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அண்ணை, இந்த முறை நாரி சுகமோ?" என்று அக்கறையாக விசாரித்தார்.

வீடு கண்ணாடிபோல ஆன அன்று லெனாட் கை கழுவித் துடைத்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தார். பியாட்றிஸ் மணிக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தாள். பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக் குனிந்தவர் அப்படியே இருந்தார். விநாடி முள் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்கள் ஏணியிலை ஏறின அண்டைக்கே ரவுணிலை மணிக்கூடு திருத்திறவரிட்டைக் குடுத்திட்டன்," என்றாள் அவள். "உள்ளுக்கு மட்டும் கழுவி எண்ணெய் விடச் சொன்னனான். முகத்தை மினுக்க வேண்டாம், அப்பா பாத்த முகம் அப்பிடியே இருக்கவேணும் எண்டு சொன்னனான்."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் ஃபானை ஆர் துடைக்கிறது?"

கோபப்படத்தான் நினைத்தார். ஆனால் பாலாடை நிறம் அதே நிறமாக இருந்தது. நாலாம் எண்ணுக்குப் பக்கத்துச் சின்னக் கபிலப் பொட்டுக்கூட அழியவில்லை. தான் திறந்திருந்தால் அந்த முகம் தப்பியிராது என்பது லெனாட்டின் மனச்சாட்சிக்குத் தெரியும். கந்தோரில் எத்தனையோ மேலதிகாரிகளைக் கண்டிருக்கிறார். இப்படி ஒரு தலையைக் கண்டதில்லை. இந்தத் தலையைச் சீதனத்தில் எழுதவேயில்லையே என்று வியந்தபடி மணிக்கூட்டைக் கையில் கட்டிக்கொண்டார்.

நத்தாருக்கு முதல் நாள் எட்வேர்ட் வந்தான். அத்தானின் கையைப் பிடித்து மணிக்கூட்டைக் காதோடு வைத்துக் கேட்டான். கேட்டவனுக்குக் கண் கலங்கிவிட்டது. யார் திருத்தியது என்று அக்காவிடம் கேட்டபோது லெனாட் முகட்டைப் பார்த்தார்.

"உன்ரை அத்தான்தான்," என்றாள் பியாட்றிஸ், கண் இமைக்காமல்.

எட்வேர்ட் அவரைக் கட்டிப்பிடித்தான். இவ்வளவு மரியாதையோடு அவன் அவரைப் பார்த்தது கலியாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தரம். லெனாட்டின் நெஞ்சு நிமிர்ந்தது. பியாட்றிஸைப் போல ஒருத்தி இந்தத் தீபகற்பத்திலேயே இல்லை என்று மனதார நினைத்தார். அப்போது எட்வேர்ட் தன் கையிலிருந்த பழைய மணிக்கூடு ஒன்றைக் கழற்றினான்.

"இதுவும் நிண்டுபோச்சு, அத்தான். உங்கடை கையாலையே ஒருக்கால் திறந்து பாருங்கோ."

லெனாட் வாய் திறக்க முதல் பியாட்றிஸ் அதை வாங்கிக்கொண்டாள்.

"புதுவருசத்துக்கிடையிலை செய்து தருவார், தம்பி. குசினி முகட்டிலை மட்டுந்தான் இன்னும் தூசு கிடக்கு."